தட்டுக்குள் துடித்தது

எழுதிப் பழகாத கை இது. கற்றறிந்தோர் படிக்கும் பக்கத்தில் இடம் கேட்கத் துணிந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். பிழைகள் என்னுடையவை, வியப்பு மட்டும் அந்தத் தாயினுடையது.

தாய்க்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. மகளோ, அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். அத்தகைய பட்டதாரிகளைத் தேடிப்பிடித்து, முனைவர் பட்ட ஆய்வுக்குத் தயார்செய்யும் ஓராண்டுப் பயிற்சியில் இருந்தாள். முகம் அறியாத ஒருவரின் இரத்த அணுக்களை இதய அணுக்களாக மாற்றி வளர்ப்பது அவள் பொறுப்பு. தாய் ஆய்வகம் வந்த நாளுக்கு மறுநாள் அவற்றுக்கு ஒரு புது மருந்தைக் கொடுத்துப் படமெடுத்துவிட்டால், அடுத்த வார முனைவர் பட்டச் சேர்க்கை நேர்காணலில் காட்டச் சொந்தமாக ஒன்று இருக்கும். இல்லையேல் வெறுங்கைதான்.

அனுமதி வாங்கி அன்று தாயை ஆய்வகத்துக்கு அழைத்துவந்தாள். போர்த்திவிட்ட வெள்ளைக் கோட்டைத் தாய் புரட்டிப் பார்த்தாள்.

"இதை யாருடீ துவைக்கிறா? காலர்ல அழுக்கு குடியிருக்கே!"

உடன் பயிலும் உயரமான தோழி, எல்லோருக்கும் 'நெட்டை', சிரித்தாள். "நல்லா கேளுங்கம்மா. இவ அந்தத் தட்டுக்கு வேளாவேளைக்குத் தீனி போடுவா. எனக்கு ஒரு டீ வாங்கித் தந்ததில்ல."

மகள் தட்டை நுண்ணோக்கியில் வைத்தாள். தாய் குனிந்தாள், குனிந்தவள் நிமிரவில்லை.

"அடியே, அசையுது!"

"துடிக்குதும்மா. இதயம்ல?"

"எல்லாம் ஒண்ணா துடிக்குதே. யாரு சொல்லிக்கொடுத்தா?"

"யாருமில்ல. பக்கத்துல பக்கத்துல வந்ததும் தானா சேர்ந்துக்கும்."

"நம்ம வீட்டு நாலு பேரைச் சேர்க்க நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்." தாயின் குரல் தாழ்ந்தது. "இது யாரோட ரத்தமோ, அந்தப் புண்ணியவானுக்குத் தெரியுமா? அவரு எங்கேயோ நடந்து போயிட்டிருப்பாரு. அவரு நெஞ்சு இங்கேயும் அடிக்குது!"

நாள்தோறும் பார்ப்பதுதான், அதை அப்படி மகள் எண்ணிப் பார்த்ததே இல்லை.

கையுறை மாற்ற அவள் திரும்பிய நேரம், வெளிக்காற்றில் தட்டு குளிர்ந்து துடிப்பு மந்தமாயிற்று.

"ஐயையோ, நிக்கப்போகுது!"

சிறுவயதில் மகளின் விறைத்த விரல்களுக்குச் செய்ததையே தாய் செய்தாள். தட்டின் மூடியைத் தூக்கி, கை குவித்து, வாயால் சூடாக ஊதினாள்.

நெட்டையின் சிரிப்பு அப்படியே நின்றது. மூச்சில் கிருமி இருக்கும். ஆய்வகத்தில் இருப்பதோ ஒரே இன்குபேட்டர். எல்லோருடைய தட்டுகளும் அந்தக் கதகதப்பில்தான் வளர்ந்தன; ஒன்றில் கிருமி புகுந்தால் மற்றவற்றுக்கும் தொற்றும்.

"நாளைக்கு வரைக்கும்தானே, உள்ள வெச்சுடு. நான் எதையும் பாக்கல," என்று நெட்டை முணுமுணுத்தாள்.

"உன் தட்டும் உள்ளதானே இருக்கு?"

"இருக்கு."

"அப்புறம் என்ன பேச்சு?"

மகள் எடுத்துவந்த புட்டியின் நெடியைத் தாய் உடனே அறிந்துகொண்டாள். "இது எங்க கூடத்து வெளுப்பு மருந்தாச்சே. ஏன், நான் ஊதினதாலயா?"

இல்லை என்ற சொல் வாய்வரை வந்தது. "ஆமாம்மா," என்றாள் மகள்.

தாய் கலங்கிப்போனாள். "கெடுத்துட்டேனேடி. இன்னும் ஒரு தடவை பாத்துக்கட்டுமா?"

மகள் மூடியிட்ட தட்டைத் தன் உள்ளங்கைகளில் ஏந்திச் சூடேற்றி, மீண்டும் வைத்துக் கொடுத்தாள். தயங்கித் தயங்கி ஓரத்தில் ஒரு துடிப்பு எழுந்தது. அது பரவிப் பரவித் தட்டு முழுவதும் ஓர் இதயமாயிற்று. தாய் தன்னையறியாமல் கைகூப்பினாள்.

பின்னர் மகள் வெளுப்பு மருந்தை ஊற்றினாள்.

நேர்காணலில் முடிவுகள் எங்கே என்று கேட்டார்கள். தட்டு கெட்டுவிட்டதால் தானே அழித்ததாகச் சொன்னாள். தாயைப் பற்றிச் சொல்லவில்லை.

இழந்தவை: ஒரு தட்டு இதய அணுக்கள். மறுநாள் எடுத்திருக்க வேண்டிய படம். அவள் ஆசைப்பட்ட ஆய்வகத்தில் அந்த ஆண்டுக்குரிய இடம். மற்றவர்களின் தட்டுகளில் எதுவும் போகவில்லை.