வெர்டெல் ஹாப்கின்ஸ் ஆல்பத்தில் ஆறு ஜோடிக் கைகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வெர்டெல் ஹாப்கின்ஸின் ஆல்பம் அட்டையில் என் பெயரைத் தேடாதீர்கள், கிடைக்காது. ஆனால் இரண்டாவது பாட்டில் கேட்கும் கைத்தட்டலில் ஒரு ஜோடிக் கை என்னுடையது. இத்தனை வருடம் வாயைத் திறக்காதவள் இப்போது எழுத உட்கார்ந்தால், தொடக்கமே சண்டித்தனம் செய்கிறது.

'1978. சிகாகோவின் தெற்குப் பகுதியில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு...'

(வேண்டாம். அது ஜூலை மாதம். வியர்வைதான் கொட்டியது.)

2

வெர்டெல்லுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. உருகி உருகிப் பாடும் 'சோல்' இசைப் பாடகி. முந்தைய இரண்டு ஆல்பங்களும் படுத்துவிட்டன. ஊரெல்லாம் டிஸ்கோ என்பதால் அவளும் ஒன்று பாடினாள். அதன் தாளத்துக்கு ஸ்டுடியோ ஆட்கள் கைதட்டிக் காட்டினார்கள்.

"என்னய்யா, கொசு அடிக்கிறீங்களா?" என்றாள்.

மறுநாள் நாங்கள் போகும் சர்ச் சபையின் பாடகர் குழுவிலிருந்து ஆறு பெண்களை அழைத்துப்போனாள். எங்களுக்கோ தரையை மிதிக்காமல் கைதட்ட வராது. ஒலிப்பதிவு செய்தவர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் செருப்புகளைக் கழற்றச் சொல்லி, எங்களை மெத்தைமேல் நிற்கவைத்துப் பதிவுசெய்தார்.

3

ஆல்பம் பிய்த்துக்கொண்டு போனது. சலூனில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் எங்கள் தட்டல்தான்.

(இங்கே வெர்டெல்லின் புதுக் காரைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. பொறாமை எட்டிப்பார்த்ததால் அடித்துவிட்டேன்.)

வெர்டெல்லுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் ஒரு பயம். ஒன்பது வயதிலிருந்து ஞாயிறுதோறும் எங்கள் குழுவின் முதல் குரல் அவளுடையது. பாஸ்டர் கிளெமன்ஸோ டிஸ்கோவைப் பிசாசின் பாட்டு என்பவர். அந்த இடம் போனால், மற்றதெல்லாம் இருந்து என்ன பயன் என்று அவளுக்குத் தோன்றியது.

4

ஒரு ஞாயிறு, பிரசங்கத்தின் நடுவே பாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர் வெர்டெல், சனிக்கிழமை அங்க ஆட வைக்கிற, ஞாயித்துக்கெழம இங்க அழ வைக்கிற. ரெண்டும் ஒத்து வராதும்மா. பாடகர் அங்கியக் கழட்டி வெச்சிடு."

வெர்டெல் கழுத்துப் பொத்தானில் கைவைத்தாள். தட்டிய நாங்கள் சுவரைப் பார்த்தோம்.

அப்போது சிஸ்டர் எர்னஸ்டீன் எழுந்தார். பாஸ்டரின் மனைவி. (ஆறு பேரில் அவரும் உண்டு என்று இதுவரை நான் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன.)

"பாஸ்டர் ஐயா, அந்தத் தட்டு நம்ம சபைத் தட்டு. இதோ, இந்தக் கைதான். அவ கழட்டுனா நானும் கழட்டணும்."

"சொல்லும்மா, சொல்லு!" என்றது பின்வரிசை.

"சொல்லத்தான போறேன்! ஷேவ் பண்றப்ப அதே பாட்ட முணுமுணுக்கிறவரு யாரு?"

சபையே குலுங்கியது. ஒவ்வொருவராக நான்கு பேர் எழுந்தார்கள். கடைசியாக நான். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், கடைசியாக. வெர்டெல் எங்களைப் பார்த்துச் சிரித்தாள், அழுதாள். பொத்தானை மட்டும் விடவில்லை.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் பாஸ்டர் அழுகிறார்; அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. இன்னொன்றில் வெர்டெல் அங்கியைக் கழற்றிவிட்டு வெளியேறுகிறாள். அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். மூன்றாவதில் பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு...

அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்முன் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஆராதனை முடிந்து அந்த மனிதர் சாப்பிட வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். சமையல் சிஸ்டர் எர்னஸ்டீன்.