வாரத்துக்கு ஆறு விரதம்

லெட்சுமணனைப் பெரிய பக்திமான்னு அந்த விடுதியில எல்லாரும் நம்பிட்டாங்க. பசங்க நம்பினாச் சரி, விடுதியைப் பார்த்துக்கிற மேட்ரன் அம்மாவும் நம்பிட்டாங்க. அட, பக்தியாவது ஒண்ணாவது. அவனுக்கு முள்கரண்டியில சோறு திங்கத் தெரியாது, அம்புட்டுத்தான் விஷயம்.

மலாயாவுல செடெனாக் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்துல பொறந்தவன். அப்பா அய்யாவு பால்மரம் சீவுறவரு. அரை வயிறு கால் வயிறா இருந்து மகனை இங்கிலீஷ் படிக்க வெச்சாரு. முப்பத்தி நாலாம் வருஷம் ஜொகூர் பாருவுல டிரெசர் படிப்புக்கு எடம் கெடச்சப்போ, லயமே தெரண்டு வந்து அவனை ரயிலேத்தி விட்டுச்சு. பின்ன, தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரெசர்னா சும்மாவா? டாக்டருக்கு அடுத்த ஆளு.

ஆஸ்பத்திரி விடுதியில வந்து எறங்கினது ஞாயித்துக்கிழமை. சாயங்காலமே மேட்ரன் சட்டம் போட்டுட்டாங்க. நோயாளியைத் தொடுற கை தட்டுல படக்கூடாது, முள்கரண்டிதான். லெட்சுமணன் உருளைக்கிழங்கை ஒரு குத்து குத்தினான். அது எகிறிப் போயி தண்ணிக் கூஜாவுல விழுந்துச்சு. மேசையில இருந்த பன்னண்டு பேரும் சிரிச்சாங்க. அவனுக்கு உசுரே போயிடுச்சு.

மறுநாள் திங்கள். "சோமவாரம், விரதம்"னு சொல்லித் தப்பிச்சான். செவ்வாய் முருகனுக்கு, புதன் பெருமாளுக்கு, வியாழன் குரு பகவானுக்கு, வெள்ளி அம்மனுக்கு. காலையில மட்டும் ரொட்டி குடுப்பாங்க, அதைக் கையால திங்கலாம். அதுலதான் உசுரு ஓடுச்சு. யாரு கூடவும் பேச்சில்ல. பசிச்சவனுக்குப் பேச்சு எங்க வரும்?

சனிக்கிழமை சனி பகவானைச் சொன்னான். சொல்லிட்டுத் தகரப்பெட்டியைத் தூக்கிட்டு ரயிலடிக்கு நடந்துட்டான். போனா எடம் போயிடும், அப்பா மூஞ்சியில எப்படி முழிக்கிறதுன்னும் தெரியல. ஆனா பசி வந்தா பத்தும் பறந்து போகும்னு சும்மாவா சொன்னாங்க.

ரயிலுக்கு நேரமிருந்துச்சு. ரயிலடிப் பக்கம் ஒரு மலாய்க்கார அம்மா வாழையிலையில நாசி லெமாக், அதான் நெத்திலி சம்பல் வெச்ச தேங்காப்பால் சோறு, கட்டி வித்துக்கிட்டிருந்தாங்க. ஒரு பொட்டலம் வாங்கிக் கையால பெசஞ்சான் பாருங்க, கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அப்பறந்தான் எதிர்ல பார்த்தான். விரலை நக்கிக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருக்கான். விடுதியில பக்கத்துக் கட்டில் ஜெய்னுலாபுதீன்.

ரெண்டு பேரும் எச்சிக் கையைப் பின்னால ஒளிச்சுக்கிட்டாங்க.

"சனி பகவானுக்கு நெத்திலி சம்பல் புடிக்குங்களா?"ன்னு ஜெய்னுலாபுதீன் மெதுவாக் கேட்டான்.

லெட்சுமணன் விடல. "உங்களுக்கு வயித்து வலின்னு சொன்னாங்களே?"

"வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. திங்களும் வியாழனும் நபி வழியில வெக்கிற சுன்னத்து நோன்புன்னு சொல்லிச் சமாளிச்சேன். மத்த நாளைக்கு வயித்து வலின்னேன். மேட்ரன் அம்மா வெளக்கெண்ணெய் ஊத்தி விட்டுட்டாங்க." அவன் மூஞ்சி இன்னமும் கோணிச்சு. "பொந்தியான்ல எங்க அத்தா சாப்பாட்டுக் கடைதான் வெச்சிருக்காரு. தொரைமாருங்க வந்தா முள்கரண்டி குடுப்போம். நான் ஆயிரம் தடவை கழுவியிருக்கேன். ஒரு தடவை புடிச்சுத் தின்னதில்ல."

லெட்சுமணனுக்கு நெஞ்சுல இருந்து ஒரு மூட்டையை எறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. நம்ம ஒருத்தன்தான் முட்டாள்னு ஆறு நாளா நெனச்சிருந்தானே, பாவம்.

அப்பத்தான் ஜெய்னுலாபுதீன் பெட்டியைப் பார்த்தான். "ஊருக்கா?"

"ம்."

ஜெய்னுலாபுதீன் தின்ன இலையை மடிச்சுக் கீழ வெச்சான். "நீங்க தெனமும் பட்டினி கெடக்குறதைப் பார்த்துத்தான் நானும் தாக்குப் புடிச்சேன். நீங்க போயிட்டா அந்த மேசையில நான் ஒத்தையாளுங்க."

செடெனாக் வழியாப் போற ரயிலு வந்துச்சு, போச்சு. பெட்டியை ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்கிட்டு ரெண்டு பேரும் விடுதிக்குத் திரும்பினாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் பக்கத்துல பக்கத்துல உக்காந்தாங்க. மேட்ரன் ஒரு பார்வை பார்த்தாங்க, ரெண்டு தட்டு வெக்கச் சொன்னாங்க. முட்டைக் கறி. லெட்சுமணன் முள்கரண்டியால சோத்தைத் தள்ளித் தள்ளி அள்ளி, பாதியை வாயிலயும் மீதியை மேசையிலயும் போட்டான். ஜெய்னுலாபுதீன் முட்டையை அழுத்தினான். அது வழுக்கிக்கிட்டு ஒரே தாவா லெட்சுமணன் தட்டுல வந்து விழுந்துச்சு.

மேசையே சிரிச்சுச்சு. எல்லாரையும் விடச் சத்தமா லெட்சுமணன் சிரிச்சான். வீட்டை விட்டு வந்ததுக்கப்பறம் இப்பத்தான் வாய்விட்டுச் சிரிக்கிறான். வயிறு வலிக்குது, நிறுத்த முடியல.

"என் முட்டையைக் குடுத்துட்டுச் சிரிடா"ன்னான் ஜெய்னுலாபுதீன்.

அந்த ஊர்ல அவனை 'டா' போட்டுக் கூப்பிட ஒரு ஆளு கெடச்சுட்டான். லெட்சுமணன் முட்டையைக் குடுக்கல. தின்னுட்டான்.