செந்தட்டிச் சீமாட்டிக்குக் கைதட்டியவர்

...இல்லை, இன்னும் வரவில்லை, மூன்றாவது வரிசையில் நடைபாதையை ஒட்டிய அந்த இரண்டு நாற்காலிகளும் காலியாகத்தான் கிடக்கின்றன, அரங்கம் முழுக்க நிரம்பியிருக்கும்போது அந்த இரண்டு மட்டும் பல் விழுந்த இடம் போல... மேடையின் இடப்பக்கத்துக் கறுப்புத் திரையில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி, அதில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு நிற்கிறாள் வெண்பா, தலையில் முள்முள்ளாய்ப் பச்சைக் கொண்டை, பத்து விரலிலும் நீள நீளமாய் ஒட்டு நகம், மூக்கு அரிக்கிறது, இந்த நகத்தோடு சொறிந்தால் மூக்கே கையோடு வந்துவிடும், சும்மா நில். ரவுண்ட் ராக் வீட்டிலிருந்து காலையிலேயே கிளம்பிவிட்டோம் என்று அம்மா மெசேஜ் அனுப்பியிருந்தாள், இங்கே ரிச்சர்ட்சன் வர மூன்று மணி நேரம் தாராளம், ஆனால் ஓட்டுவது அப்பா அல்லவா, ஐ-35 நெடுஞ்சாலையில் ஊரே பறக்கும்போது வலது ஓரத்தில் லாரிகளுக்குப் பின்னால் பவ்யமாக வருகிற ஒரே கார் இந்த மணியனுடையதாகத்தான் இருக்கும், வேகோ தாண்டி ஏதோ ஆக்சிடென்ட், வண்டி நகரவே இல்லை என்பது கடைசியாக வந்த மெசேஜ்... அதற்குப் பிறகு ஸ்டேஜ் மேனேஜர் எல்லோருடைய போனையும் வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டாள். வரட்டும். வராவிட்டாலும்... இல்லை, வரட்டும்.

வந்து பார்க்கட்டும், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்றுதானே இரண்டு வருடமாகக் காத்திருக்கிறாள், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் பாடி ஆடி நடிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று அப்பா கத்தவில்லை, கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம், "சரி கண்ணு, உன் இஷ்டம்" என்றார், அதோடு சரி, அதற்கப்புறம் போனில் சாப்பாட்டைப் பற்றியும் கார் ஆயில் மாற்றியாயிற்றா என்பதைப் பற்றியும் மட்டும்தான் பேச்சு, நடுவில் எப்போதாவது, தற்செயலாக ஞாபகம் வந்தவர் போல, "உன்ற பழைய டீம்ல மறுபடி ஹயர் பண்றாங்களாம், சும்மா சொன்னேன்"... சும்மா! அப்பாவின் சும்மாவுக்குள் ஒரு மாதத்து யோசனை இருக்கும். இன்று ஷோ முடிந்ததும் அவரிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, ஜனவரியில் ஒரு நாடகக் குழுவோடு ஆறு மாதம் ஊர் ஊராகப் போகிறாள், ஒப்புக்கொண்டாயிற்று, அதை எந்த வாயால் சொல்வது, இவளுக்கு இது வருகிறது, நன்றாகவே வருகிறது என்று அவர் ஒரு முறை மனசுக்குள்ளாவது ஒப்புக்கொண்டால்தான் அந்த வாய் திறக்கும். அதனால்தான் என்ன வேஷம் என்று கூடச் சொல்லவில்லை, "மெயின் ரோல்மா, லேடி நெட்டில்னு ஒரு கேரக்டர்" என்றதோடு நிறுத்திக்கொண்டாள், நெட்டில் என்றால் செந்தட்டி, மேலே பட்டால் உடம்பெல்லாம் தடித்துப் போகிற செடி, அம்மாவுக்கு அது எங்கே தெரியப்போகிறது, "லேடியா, அப்ப டிரெஸ்ஸெல்லாம் கிராண்டா இருக்குமா கண்ணு?" என்றாள், இருக்கும்மா, இருக்கும். ஊரின் கிறிஸ்துமஸ் மணியைத் திருடுகிற சூனியக்காரி என்று சொல்லியிருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார்... ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், ஒரு "ஓ" போட்டிருப்பார், அந்த ஓவைத்தான் தாங்க முடியாது.

மேடையில் இயக்குநர் ஃபியோனா மைக்கோடு வந்துவிட்டாள், இங்கிலாந்துக்காரி, அவளுடைய ஊரில் கிறிஸ்துமஸ் என்றால் குடும்பத்தோடு பேன்டமைம் பார்க்கப் போவார்களாம், பாட்டும் கூத்தும் கேலியுமாக ஒரு நாடகம், அதில் பார்க்க வந்தவர்களுக்கும் வேலை உண்டு, டெக்சாஸ்காரர்களுக்கு அது பழக்கமில்லை என்பதால் ஒவ்வொரு ஷோவுக்கு முன்னாலும் வகுப்பெடுக்கிறாள், வலப்பக்கத்திலிருந்து வருவது தேவதை, அவளுக்குக் கைதட்ட வேண்டும், இடப்பக்கத்திலிருந்து வருவது பொல்லாதது, அதன் தலை தெரிந்ததுமே "ஊ..." என்று ஊளையிட வேண்டும், வெட்கப்படாமல், அடிவயிற்றிலிருந்து, எங்கே, ஒரு தடவை... அரங்கமே ஊ என்றது. வில்லிக்கு அந்த ஊதான் கைதட்டல், யாராவது நிஜமாகவே கைதட்டிவிட்டால் நடிப்பு பலிக்கவில்லை என்று பொருள், நேற்றைய ஷோவில் ஒரு குட்டிப் பெண் ஆத்திரம் தாங்காமல் செருப்பைக் கழற்றி எறிந்தது, அதன் அம்மா வந்து கேட்கிறவரை அந்தச் செருப்பை டிரெஸ்ஸிங் டேபிளில் விருது மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் வெண்பா. வகுப்பு முடிந்தது, விளக்குகள் அணைந்தன, இசை தொடங்கியது, அப்போதுதான் பக்கவாட்டுக் கதவு திறந்து, டார்ச் அடித்துக்கொண்டு ஒரு பெண், அவளுக்குப் பின்னால் குனிந்து குனிந்து இரண்டு உருவங்கள், யார் காலையோ மிதித்துவிட்டு "சாரி, சாரி" என்கிற அந்தக் குரல்... அம்மா! அப்பாடா... ஐயோ. வகுப்பு முடிந்த பிறகு வந்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்த அரங்கம் மொத்தமும் அவர்களுடைய பெண்ணைப் பார்த்து ஊளையிடப் போகிறது, எதற்கென்று அவர்களுக்குத் தெரியாது.

யாராவது போய்ச் சொல்லுங்களேன், யார் போவது, ஸ்டேஜ் மேனேஜர் காதில் ஹெட்செட்டோடு கையை உயர்த்திவிட்டாள், அந்தக் கை இறங்கினால் போக வேண்டியதுதான், போன் பெட்டிக்குள், பெட்டி பூட்டியிருக்கிறது... ஏன் சொல்லவில்லை, அம்மா, என்னைப் பார்த்து எல்லாரும் கத்துவாங்க, அதுதான் நல்லது, இந்த ஒரு வரியைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், பெரிய சாமர்த்தியம், அப்பாவின் ஒரு ஓவுக்குப் பயந்துகொண்டு... கை இறங்கியது. பச்சைப் புகை, இடி முழக்கம், லேடி நெட்டில் நாலே எட்டில் மேடை விளிம்புக்கு வந்து நின்று நகங்களை விரித்தாள், எழுந்தது பாருங்கள் ஒரு ஊ, முதலில் பால்கனியில், பிறகு கீழே, நெஞ்சில் வந்து மோதியது, ஆஹா, இதற்காகத்தானே எல்லாம், கத்துங்கள், இன்னும் கத்துங்கள், உங்கள் ஊர் மணி இனிமேல் என் மணி என்று அவள் ஆங்கிலத்தில் இரைந்ததும் ஊ இரண்டு மடங்கானது, அதற்குள்ளே ஒரு சத்தம். டப். டப். டப். அவசரமில்லாத, பிசகாத, உள்ளங்கையை நன்றாகக் குழித்துக்கொண்டு தட்டுகிற சத்தம். அதை எந்தக் கூட்டத்திலும் அவள் அடையாளம் சொல்வாள், தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் எல்லோரும் ஓய்ந்த பிறகும் தட்டிக்கொண்டிருக்கிற கை அது.

அப்பா, வேண்டாம்ப்பா... பாட்டு தொடங்கிவிட்டது, கால் ஆடுகிறது, வாய் பாடுகிறது, சுருதி நழுவவில்லை, உடம்பு அதுபாட்டுக்கு வேலையைப் பார்க்கிறது, மனம் மட்டும் மூன்றாவது வரிசையில், ஒவ்வொரு ஊவுக்கும் பதில் சொல்வது போல டப், டப், டப்... இதை முன்பே பார்த்திருக்கிறாளே, எங்கே, பஸ் ஸ்டாப்பில், ஆமாம், இரண்டாம் வகுப்பு, தலையில் எண்ணெய் வாடை என்று ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊளையிட்டதை அழுதுகொண்டே வந்து சொன்னாள், அப்பா பிரின்சிபாலிடம் போகவில்லை, யாரையும் திட்டவில்லை, மறுநாள் காலை ஆபீஸ் சட்டையோடு காபி கப்பை ஏந்திக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றார், சும்மா, அதற்கடுத்த நாளும் நின்றார், அடுத்தடுத்த வருடங்களிலும் நின்றார், ஆறாம் வகுப்பில் அவளே "அப்பா, யூ டோன்ட் ஹாவ் டு கம், இட்ஸ் சோ எம்பாரசிங்" என்று சொல்கிறவரை. சரி கண்ணு என்றார். மறுநாள் வரவில்லை. வரவேண்டாம் என்று சொன்னவளே பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள், வீட்டுக் கராஜ் கதவு மூடியிருந்தது... இப்போது எதற்கு அந்த ஞாபகம், அடுத்த வரி, அடுத்த வரி என்ன, மணி, ஆம், மணியைத் தூக்கு.

பாட்டின் கடைசி அடியில் ஊ உச்சத்துக்குப் போக வேண்டும், போனது, அப்போது அப்பா எழுந்து நின்றார். அம்மா வற்புறுத்திப் போட்டுவிட்டிருப்பாள், மான் படம் போட்ட சிவப்பு ஸ்வெட்டர், மேடையைப் பார்க்கவில்லை அவர், மேடைக்கு முதுகைக் காட்டி, பின்னால் உட்கார்ந்திருந்த அத்தனை பேரையும் பார்த்து நின்றுகொண்டு, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். ஊ தடுமாறியது, அந்த ஒரு நொடியில் இரண்டு பேரின் குரலும் மேடைவரை கேட்டது, "ஏனுங்க, உக்காருங்க, எல்லாரும் பாக்கறாங்க", "பாக்கட்டும் சாந்தா, எம்புள்ளய என்னன்னு நெனச்சுட்டாங்க இவங்கெல்லாம்." இத்தனை வருடம் இந்த நாட்டில் ஹோட்டலில் ஆறிய சாப்பாட்டை வைத்தால் கூடக் குரல் உயர்த்தாமல் சாப்பிட்டுவிட்டு வருகிற மனிதர். சிலர் சிரித்தார்கள், சிலர் அவரோடு சேர்ந்து தட்டவே தொடங்கிவிட்டார்கள், போச்சு, யாரும் வெறுக்காத வில்லியை வைத்துக்கொண்டு மீதி நாடகத்தை எப்படி ஓட்டுவது, எதிர்ப்பக்கத் திரைக்குள்ளிருந்து ஃபியோனா கண்ணை உருட்டுகிறாள், ஏதாவது செய், என்ன செய்ய, அவரை உட்கார வைக்க வேண்டும், நோகாமல் உட்கார வைக்க வேண்டும், அதையும் லேடி நெட்டிலாகவே செய்ய வேண்டும்... விளிம்பில் மண்டியிட்டு, பத்து நகத்தையும் அவர் பக்கம் நீட்டி, சூனியக்காரியின் அதே கரகரத்த குரலில், வீட்டில் அம்மா கெஞ்சினால் மட்டுமே பேசுகிற தமிழில் எடுத்து விட்டாள், "அப்பாஆஆ! கை தட்டாதீங்க! நான் வில்லி! இவங்க கத்தறாங்கன்னா நான் நல்லா பண்றேன்னு அர்த்தம்! உக்காருங்கப்பாஆஆ!"

அதை மந்திரம் என்று நினைத்துக்கொண்டது கூட்டம். கூரை பெயர்கிற மாதிரி ஒரு ஊ. அப்பா திரும்பினார், தூக்கிய கை தூக்கியபடியே இருக்க, உள்ளே வந்ததிலிருந்து அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தார், பச்சைக் கொண்டை, நகம், கறுப்பு உதடு, எல்லாவற்றையும்... பிறகு மெல்ல உட்கார்ந்தார், மந்திரம் பலித்துவிட்டது, அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. இடைவேளையில் ஃபியோனா ஓடிவந்து கட்டிக்கொண்டாள், பிரமாதம், இனி எல்லா ஷோவிலும் இதை வை, அது என்ன மொழி, நீயே உண்டாக்கினதா, அந்த ஆளைப் பணம் கொடுத்தா கூட்டத்தில் உட்கார வைத்திருந்தாய்? "எங்க அப்பா" என்றாள் வெண்பா, ஃபியோனா அதற்கும் சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கிறது, அவரைப் பார்த்து ஊரையே சிரிக்க வைத்தது அவருடைய பெண், அவர் சண்டைக்கு வந்தது அவளுக்காக, புரிந்துதான் உட்கார்ந்தாரா, அவமானத்தில் உட்கார்ந்தாரா, இல்லை... வேண்டாம் என்று சொன்னதும் நின்றுவிடுகிற அந்தப் பழைய வழக்கத்தில் உட்கார்ந்தாரா?

இரண்டாம் பாதி முழுக்க மூன்றாவது வரிசையில் சத்தமே இல்லை, அம்மாவின் கண்ணாடி மின்னுவது தெரிகிறது, அப்பா நாற்காலியில் சாய்ந்துவிட்டார், முகம் இருட்டில், லேடி நெட்டில் மணியைத் தூக்கினாள், ஓடினாள், மாட்டினாள், மூக்கு அறுபட்டாள், ஒவ்வொன்றுக்கும் எழுந்த ஊவில் டப் இல்லை, எங்கேயும் இல்லை, நிம்மதிதானே, நிம்மதியாக இருக்க வேண்டியதுதானே... கடைசியில் எல்லோரும் வரிசையாக வந்து வணங்குகிற நேரம், தேவதைக்குக் கைதட்டல் இடித்துக் கொட்டியது, அடுத்தது இவள், விளக்குகள் அரங்கத்தின் மேலும் விழுந்துவிட்டன, எல்லா முகமும் தெரிகிறது, இடப்பக்கத்திலிருந்து நடந்து வந்து நடுவில் நின்றாள், மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, ஊ என்றது, இதைவிடப் பெரிய மரியாதை ஒரு வில்லிக்குக் கிடையாது. அம்மா, கோபியில் பிறந்து சத்தம் போட்டுத் தும்மக்கூடக் கூச்சப்படுகிற சாந்தாமணி, இரண்டு கையையும் வாயருகில் குவித்துக்கொண்டு ஊளையிடுகிறாள். அப்பா? அப்பாவும் எழுந்திருந்தார். பக்கத்துச் சீட்டு வெள்ளைக்காரப் பெண் அவர் காதில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள், அவர் தலையாட்டுகிறார், கண் மேடையைவிட்டு அகலவில்லை, அவருடைய கைகள் மேலே வந்தன, உள்ளங்கைகள் குழிந்தன, ஒன்றையொன்று நெருங்கி... நின்றன. ஏதோ ஞாபகம் வந்தவர் போல ஒரு முறை அவளைப் பார்த்தார், கைகளைப் பிரித்து, அம்மாவைப் பார்த்து அப்படியே, வாயருகில் கொண்டுபோனார். வாய் திறந்தது.

புரிந்துகொண்டுவிட்டார், பார்த்துவிட்டார், இரண்டு வருடம் எதற்காகக் காத்திருந்தாளோ அது இதுதான், வெளியே போய் ஜனவரியைப் பற்றியும் சொல்லிவிடலாம், சரி கண்ணு என்பார், தடுக்க மாட்டார், வந்து நிற்கவும் மாட்டார்... இடுப்பை வளைத்து வணங்கியபடியே காதைத் தீட்டிக்கொண்டாள், எத்தனை ஊவுக்கு நடுவிலும் அந்த ஒற்றைக் கைதட்டல் தனியாகக் கேட்டதே, இத்தனை வாய்களுக்கு நடுவில் அவருடைய ஊ எது, இதோ இந்தக் கட்டைக் குரலா, அதுவா, தெரியவில்லை, எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது, அவரும் கூட்டத்தில் ஒருவராகிவிட்டார், கேட்டது இதைத்தானே, வாய்விட்டுக் கத்திக் கேட்டது இதைத்தானே, திரை இறங்கத் தொடங்கிவிட்டது, மூன்றாவது வரிசை மறைகிறது, முதலில் முகம், பிறகு ஸ்வெட்டர்... வேண்டாம் என்று சொன்னால் உடனே கேட்டுவிட வேண்டுமா, அப்பா?