வெள்ளிக்கிழமை கசியாத வண்டி

1

இந்தக் கதை என் காரின் ஏ.சி.யிலிருந்து வந்தது. கேஸ் நிரப்பிப் பத்து நாள்கூட ஆகவில்லை, மறுபடி அனல் காற்று. நாமக்கல்லில் பட்டறை வைத்திருக்கும் குழந்தைவேல், குழாய் நெடுகச் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடினார். ஒரு இணைப்பில் அவர் கை நின்றது. அதன்மேல் ஆயுத பூஜைக்கு நான் அப்பிய சந்தனம் காய்ந்து கிடந்தது.

"இதத் தொடச்சுப் பாக்கோணுமுங்க."

"இன்னைக்கு வெள்ளிக்கெழம," என்றாள் என் வீட்டுக்காரி.

அவ்வளவுதான். குழந்தைவேல் டீ குடிக்கப் போய்விட்டார். வெயிலில் நின்றிருந்த நான், இருப்புக் கொள்ளாமல், 1942-க்குப் போய்விட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ஆடிப் பெருக்கில் காவிரி நுரைத்து ஓடிய பள்ளிபாளையத்தில்…" (அடித்துவிட்டேன். என் கதையின் வண்டி அந்தப் பக்கமே போகாது. ஆற்றைப் பார்த்தால் எழுதுகிறவனுக்குக் கை அரிக்கும், வேறொன்றுமில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "அந்த ஜமீன்தாரின் காரில் ஏ.சி. இருந்தது, ஆனால்…" (புளுகு. அன்றைய சேலம் ஜில்லாவில் அதற்கு எங்கே போவேன்? ஆனால் கசிகிற கேஸ் இருந்தது. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் பின்னால் அடுப்பு கட்டி, கரியைப் புகைய விட்டு, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். கிளம்புமுன் ஒருவர் விசிறியைச் சுற்றி அந்த வாயுவை எஞ்சினுக்குத் தள்ள வேண்டும். குழாயில் ஓட்டை இருந்தால் அப்போது வெளியே கசியும். தலையைக் கிறக்கும், மிஞ்சினால் ஆளையே கொல்லும்.)

மூன்றாவது நிற்கட்டும்:

தன் புருஷன் குடிக்கமாட்டான் என்பது பாப்பாயிக்குத் தெரியும். மூன்று வாரமாக, தனக்கு அது நிஜமாகவே தெரியுமா என்பதுதான் தெரியவில்லை.

3

சென்னியப்பன் சேந்தமங்கலம் – நாமக்கல் பஸ்ஸின் டிரைவர். சேந்தமங்கலத்தில் விசிறி சுற்றுகிற கால்மணி நேரமும் தன் இருக்கையை விட்டு இறங்கமாட்டான். பிறகு வண்டியை எடுத்தால் கண் செருகும், நாக்கு குழறும். ஒருமுறை புளியமரத்தை உரசிவிட்டான். அது மதுவிலக்கு இருந்த ஜில்லா. குடித்துவிட்டு ஓட்டினான் என்று ருசுவானால் வேலை மட்டுமல்ல, ஜெயிலும்தான்.

இதில் ஒரு விசித்திரம். வெள்ளியும் சனியும் சென்னியப்பன் தெளிவாக இருப்பான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தள்ளாடுவான்.

"வெள்ளிக்கெழமைன்னா சாமிக்குப் பயந்து குடிக்கறதில்ல. மத்த நாளைக்கு ஆரு கேக்கறது?" என்றார் பஸ் முதலாளி அர்த்தநாரி. ஊர் தலையாட்டியது. பாப்பாயி ராத்திரி அவன் வாயை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் வீசவில்லை. முகர்ந்து பார்த்தோமே என்று அழுதாள்.

(பாப்பாயியை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. சந்தேகப்பட்டவள் இவ்வளவு சீக்கிரம் அழுவாளா? அழுவாள். என் வீட்டில் பார்த்திருக்கிறேன்.)

4

ஒரு வியாழக்கிழமை அவனுக்குச் சோறு கொண்டுபோனாள். அன்றைக்கு அதிசயமாக அவன் இறங்கி வெற்றிலை வாங்கப் போயிருந்தான். விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாப்பாயி தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு அவன் இருக்கையில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் நெற்றிப்பொட்டு வலித்தது, கண் இருட்டியது. கீழே இறங்கிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங்க, இங்க வாங்க! நான் என்னத்தக் குடிச்சனுங்க?"

வீட்டுக்கு ஓடி, தலைக்குத் தேய்க்கிற பூந்திக்கொட்டையைக் கரைத்து நுரையாகக் கொண்டுவந்தாள். டிரைவர் காலடியில் போகும் குழாயின் இணைப்பில் போன பூசையில் வைத்த பழைய சந்தனம் சூட்டில் வெடித்திருந்தது. விசிறியைச் சுற்றச் சொல்லி அங்கே தடவியதும் நுரை கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. சென்னியப்பன் குழந்தை மாதிரி குதித்தான்.

"நாளைக்கு மொதலாளி பூசைக்கு வரட்டும், காட்டிப் போடலாம்!"

5

மறுநாள் முதலாளி வந்தார், கூடவே, குடித்து ஓட்டுகிறவனைப் பிடித்துப்போக, ஒரு போலீஸ்காரரும். விசிறி சுற்றியது. பாப்பாயி நுரையைத் தடவினாள்.

ஒரு கொப்புளமும் இல்லை.

விடிகாலையில் குளித்துவிட்டு, வாரா வாரம் செய்கிறபடி, சென்னியப்பன் ஸ்டீயரிங்கிலிருந்து குழாய் வரைக்கும் புதுச் சந்தனம் அப்பிக் குங்குமமும் வைத்திருந்தான். அந்த இணைப்புக்குப் பக்தியில் ஒரு பிடி அதிகம். தன்னைக் காப்பாற்றும் ஓட்டையைத் தன் கையாலேயே அடைத்தவன்! என்ன சொல்லித் திட்டுவது இவனை?

"அதத் தொடச்சுப் போட்டுப் பாருங்க," என்றாள் பாப்பாயி.

"கற்பூரம் காட்டுன பொட்டு, புள்ள," என்று சென்னியப்பனே முனகினான். விசிறி சுற்றியவர் அக்கட்டால விலகிப் போனார். போலீஸ்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். முதலாளிக்குக் கோபம் வந்தது.

"தாலி கட்டுனவ, வெள்ளிக்கெழம, புருசன் ஓட்டற வண்டிப் பொட்ட அழிக்கச் சொல்றியா? உனக்குப் பொட்டு நெலைக்க வேண்டாமா, சாமி?"

(ஞாயிறு வரை பொறுத்தால் தானாக வெடிக்குமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். போலீஸ்காரருக்கு அவ்வளவு பொறுமையை என்னால் எழுத முடியவில்லை.)

6

பாப்பாயி முந்தானை நுனியை நனைத்துக்கொண்டு குனிகிறாள். பொட்டை அழித்தால் புருஷனுக்கு ஆகாது என்று அவளும் நம்புகிறாள். அழிக்காவிட்டால் ஆகவே ஆகாது என்று அவளுக்கு மட்டும் தெரிகிறது.

முடிவு ஒன்று: துடைத்தாள், நுரை பொங்கியது, முதலாளி தலைகுனிந்தார். (லேசாகக் கிடைத்துவிட்டது. பிறகு ஆயுசுக்கும் அவன் தும்மினால்கூட அவள் பதறுவாளே, அதை யார் எழுதுவது?)

முடிவு இரண்டு: துடைக்கவில்லை. போலீஸ்காரர் சென்னியப்பனைக் கூட்டிக்கொண்டு…

வேண்டாம். என்னால் முடியாது.

குழந்தைவேல் டீ குடித்துவிட்டு வந்து, "என்னங்க பண்ணலாம்?" என்று கேட்டார். நான் என் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கார்க் கண்ணாடிகளை இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு மாதமாகப் புழுங்கிக்கொண்டுதான் ஓட்டுகிறேன். எந்தக் கிழமையிலும் கை வராமல், அந்தச் சந்தனம் அப்படியே இருக்கிறது.

பாப்பாயியும் குனிந்தபடியே இருக்கிறாள். ஈர முந்தானையை வாங்கிக்கொள்ளுங்கள். அவளும் வேண்டாம், நானும் வேண்டாம், நீங்கள் துடையுங்கள். துடைக்குமுன் இன்றைக்கு என்ன கிழமை என்று மட்டும் பார்க்காதீர்கள்.