பின்கால் இரண்டு

தேசப்பன் பூவராகவனுக்குத் தரவேண்டியிருந்தது முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். வண்டிக்கு மாடு பிடிக்க வாங்கிய கடன். பூவராகவன் பொன்னேரியில் பழைய மரச்சாமான் கடை வைத்திருந்தார். ஜமீன் வீடுகளிலும் ஆளில்லாத பங்களாக்களிலும் கட்டில், அலமாரி, நிலைக்கண்ணாடி என்று வாங்கி வந்து, கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக முளைத்த கம்பெனி வீடுகளுக்கு விற்பார். ஏற்றி இறக்குவது தேசப்பனின் ஒற்றை மாட்டு வண்டி. கூலியில் பாதி கடனுக்குப் போய்விடும். சாமானுக்குச் சேதம் வந்தால் மாட்டை அவிழ்த்துக்கொள்ளலாம் என்று பத்திரத்தில் எழுதி, கீழே தேசப்பனிடம் கைநாட்டு வாங்கியிருந்தார்.

எழுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசியில் ஒரு நாள் ஏற்றியது ஒரு மேசை. வைக்கோலும் சாக்கும் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கியிருந்தது. உள்ளே இருப்பது என்ன வடிவம் என்றுகூட வெளியே தெரியவில்லை.

"ஈட்டி மரம்டா. திருவள்ளூர் பக்கம் ஒரு ஜமீன் ஊட்டுது. ஒரு சொட்டுத் தண்ணி பட்டா பாலீஷு வெளுத்துப்பூடும். அப்பால ஒன் மாடு என் கொட்டாயிலதான்" என்றார் பூவராகவன். "நாளைக்குக் காலைல நான் பஸ்ஸுல வந்துர்றேன். அதுக்குள்ள கும்மிடிப்பூண்டி கம்பெனி மேனேஜர் பங்களாவுல எறக்கி வெச்சிரு."

"செரிங்க மொதலாளி" என்று தேசப்பன் வண்டியை ஓட்டினான்.

தச்சூர் கூட்டு ரோட்டைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. மேலே போட்டிருந்த தார்ப்பாயில் ஆயிரம் கண். கவரைப்பேட்டை வந்து சேர்வதற்குள் வைக்கோல் ஊறிப்போயிற்று. ரோட்டோரம் வண்டிச்சக்கரம் செய்யும் ஜோசப்பின் கொட்டகைக்குள் வண்டியை விட்டான். ஈர வைக்கோலை எடுத்துவிட்டுக் காய்ந்தது சுற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பு.

"இன்னாடா தேசப்பா, பொணத்த கட்டி எடுத்துக்கினு வர்றயா?" என்றான் ஜோசப்.

"வாயக் கழுவு. கயித்தப் புடி."

அவிழ்த்துப் பார்த்தார்கள். கருகருவென்று அரைவட்டப் பலகை. அடியில் கொடியும் பூவும் செதுக்கிய இரண்டு கால்கள், புலிப்பாதம் வைத்து முடிந்தன. கல்லில் வடித்தது மாதிரி வேலை. மழை உள்ளே இறங்கவில்லை என்று தேசப்பன் பெருமூச்சு விட்டு, மேசையைத் தரையில் நிறுத்திக் கையை எடுத்தான். அது அப்படியே பின்பக்கம் சாய்ந்தது. ஜோசப் பாய்ந்து தாங்கிக்கொண்டான்.

"டேய், இதுக்குப் பின்காலு எங்கடா?"

தேசப்பன் குனிந்து பார்த்தான். முன்னால் இரண்டு கால். பின்னால் நேராக அறுத்த பலகை மட்டும். பலகையில் பக்கத்துக்கொன்றாக இரண்டு துளை.

ஜோசப் துளையில் விரலை விட்டுப் பார்த்தான். "காலு இங்கதான் மாட்டியிருந்துக்குது. கயண்டு உழுந்துருச்சு. சாக்கு அடியில கிழிஞ்சிக்குது பாரு."

கிழிந்துதான் இருந்தது. தேசப்பன் மாட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்த வழியே ஓடினான். மழையில் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை. காலால் தடவித் தடவிப் போனான். ஓரிடத்தில் வாய்க்காலில் கறுப்பாக ஒன்று மிதந்தது. சாமியைக் கும்பிட்டுக்கொண்டே இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்தான். எரிந்த பனைமட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரிலேயே கொஞ்ச நேரம் நின்றான்.

பூவராகவனிடம் அவனைப் போலவே கடன்பட்டிருந்த வண்டிக்காரன் திருமலைக்குப் போன வருஷம் நடந்தது கண்முன் வந்தது. திருமலை வண்டியில் வந்த கண்ணாடி கீறிப்போயிற்று. பூவராகவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டவில்லை. ஆளை அனுப்பி மாட்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். ஏர்க்கால் வானத்தைப் பார்க்க வெறும் வண்டி வாசலில் நின்றது. திருமலை இப்போது செங்கல் சூளையில் தலையில் கல் சுமக்கிறான், பெண்டாட்டியோடு.

நனைந்து திரும்பியவனைப் பார்த்து ஜோசப் சொன்னான்: "போய் அவருகிட்டயே சொல்லிரு. ஒருவேள கடையிலயே உழுந்து கெடக்குதோ இன்னாவோ."

"சொன்னா மாடு போச்சு."

"கேட்டாத்தானே தெரியும்?"

"நீ கேப்ப. ஒனக்கு இன்னா, உளிதானே சொத்து." தேசப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "நைனா, ஒன்னாலதான் ஆவும். ரெண்டு காலு செஞ்சி குடு. ஒனக்கு மரம் ஏத்தியாற எத்தினி நடை வேணுமோ வர்றேன், கூலி வேணாம்."

ஜோசப் முன்காலை வெகுநேரம் பார்த்தான். "இந்தக் கொடியெல்லாம் எனக்கு வராதுடா. உயரமும் கனமும் சரியா வரும், அவ்ளோதான்."

சக்கரத்துக்கு வைத்திருந்த வாகைக் கட்டையை இழைத்து இரண்டு கால் செய்தான். அந்தத் துளையிலேயே போல்ட்டு போட்டு முடுக்கினான். புதுமரம் வெளேரென்று இருந்தது. விளக்குக்கரியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துப் பூசினார்கள். மேசை நின்றது. ஆனால் கரி காயவில்லை. மழைக்காலத்தில் எண்ணெய் எப்போது காயும்?

காலையில் காயாமலே கொண்டுபோனான்.

மேனேஜர் பங்களாவில் அவர் சம்சாரம் ஸத்யபாமா அம்மாள் வாசலிலேயே காத்திருந்தார். திருவள்ளூர் கோயில் கைங்கரியக் குடும்பத்துப் பெண். வீட்டை அலங்கரிப்பதில் பெரிய பைத்தியம். நுழையும் இடத்தில், சுவரில் முன்பே இருந்த ஆணியில் ஒரு பெரிய கண்ணாடி மாட்டி, அதன் கீழே இந்த மேசைக்கென்று இடம் விட்டிருந்தார். மேலே வைக்கப் பித்தளைச் சொம்பும் தாழம்பூவும் தயார்.

"மெதுவா, மெதுவா. சுவரோரம் அழகுக்கு வைக்கற கன்சோல் டேபிள்ப்பா அது, நெல்லு மூட்டை இல்ல."

சுவரோடு ஒட்டி வைத்தான். அம்மாள் சுற்றிச் சுற்றி வந்தார். "நன்னாருக்கு. போன தடவை ஒருத்தன் நாற்காலிக்குப் புதுக் கை மாட்டி என்னை ஏமாத்திட்டான். திருப்பி அனுப்பிச்சுட்டு, பைசா பாக்கியில்லாம வாங்கிட்டேன். இதுல ஒரு ஆணிகூடப் புதுசு கிடையாதுன்னு உங்க முதலாளி எழுதியே குடுத்திருக்கார்."

அம்மாள் குனிந்து பின்காலைத் தடவினார். விரலை எடுத்துப் பார்த்தார். கறுப்பு.

"அழுக்கு. ஈரத்துணி எடுத்துண்டு வரேன், ஒரு துடை துடைச்சுடலாம்."

அவர் உள்ளே போகத் திரும்பியபோதுதான் பூவராகவன் படியேறி வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. சிரித்துக்கொண்டே வந்தவர், மேசையைப் பார்த்ததும் நின்றார். நாலு காலையும் பார்த்தார். பிறகு தேசப்பனைப் பார்த்தார். தேசப்பன் தரையைப் பார்த்தான். மாட்டுக் கழுத்து மணி வெளியே கேட்டது.

"ஏன் பூவராகவன், பின்கால் ரெண்டும் மொழுக்குன்னு இருக்கே?" என்றார் அம்மாள்.

மஞ்சள் பை மெல்லப் பூவராகவனின் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"செவுரு பக்கம் இருக்கறதுதானேம்மா. அந்தக் காலத்துல கண்ணுக்குத் தெரியாத எடத்துல செதுக்க மாட்டாங்க."

"அப்படியா? நல்லதாப் போச்சு. நாலு கால் இல்லேன்னா நான் என்ன பண்ணுவேன்? கம்பெனி சுவத்துல ஒரு ஆணி அடிக்கக்கூடாதுன்னு எங்காத்துக்காரர் சத்தம் போடறார்." அம்மாள் உள்ளே இருந்த வேலைக்காரிக்குக் குரல் கொடுத்தார். "அந்த ஈரத்துணியை எடுத்துண்டு வாயேன்!"

"தண்ணி படவே கூடாதும்மா!" பூவராகவன் கத்தியேவிட்டார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "பழைய பாலீஷு. ஒரு மாசம் கை படாம இருக்கட்டும்."

வெளியே வண்டி மறைவுக்கு வந்ததும் தேசப்பனின் தோளைப் பிடித்தார். "இன்னா காரியம்டா பண்ணிவெச்ச?"

"காலு வழியில உழுந்துருச்சு மொதலாளி. மாட்ட மட்டும்…"

"எந்தக் காலுடா? அதுக்கு இருந்ததே ரெண்டு காலுதான்டா! செவுத்துல வெச்சி ஸ்குரு முடுக்குற மேச. அந்தத் தொளை அதுக்குத்தான்." மஞ்சள் பையைத் திறந்து காட்டினார். உள்ளே நீள நீள ஸ்குருகளும் துளை போடும் கருவியும் இருந்தன.

தேசப்பன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டான். இனி மாட்டின் கயிற்றில் அவர் கை போகும் என்று காத்திருந்தான். அவரோ பங்களா வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுநூறு ரூபா வாங்கிட்டேன்டா. கடை வாடகைக்கு முன்பணமா போயிப்பூடுச்சி. திருப்பிக் கேட்டா எங்க போவேன்? யார் செஞ்சது அந்தக் கால?"

"ஜோசப்பு."

"அவன் வாய் சும்மா இருக்குமா?"

"தெரிலீங்க."

"தெரிலயா? நீ சும்மா இருப்பியா?" தோளைப் பிடித்த கையை அவர் எடுக்கவே இல்லை. முந்தின நாள் வாய்க்காலில் தேசப்பன் பனைமட்டையை விடாமல் பிடித்திருந்த மாதிரியே பிடித்திருந்தார். "இந்தப் பக்கம் இனிமே நீ வண்டி ஓட்டாத. யார் கேட்டாலும் மேச அப்படியேதான் வந்துச்சு. ஞாயித்துக்கெழம கடைக்கு வா."

ஞாயிறு வரை தேசப்பன் சரியாகச் சாப்பிடவில்லை. வாசலில் ஆள் வந்தால் மாட்டுக்கு வந்த ஆளோ என்று எழுந்து நின்றான்.

கடையில் பூவராகவன் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "அந்தம்மா ஏதாச்சும் சொல்லி அனுப்பிச்சாங்களா?"

"இல்லீங்க."

"ஜோசப்பு?"

"அவங்கிட்ட சொல்லிட்டேங்க. பேசமாட்டான்."

பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்தார். தேசப்பனின் கட்டைவிரல் ரேகை நீலமாகத் தெரிந்தது. இரண்டாகக் கிழித்தார். போதாதென்று நாலாகக் கிழித்து அவன் கையில் திணித்தார்.

"முந்நூத்திப் பன்னெண்டு ரூபாவும் தீந்துபோச்சு. போ."