கறுப்பு இன்ஜினின் சேசிஸ்

மேல்கூட்டைக் கழற்றியதுமே அடிச்சட்டமான சேசிஸின் பின்முனை என் விரலோடு வந்துவிட்டது. நான் இழுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. கட்டைவிரல் அளவுத் துண்டு. உடைந்த பக்கத்தில் பளபளப்பே இல்லை. ஈரச் சாம்பல் மாதிரி மங்கலாக, மணல் மணலாக இருந்தது. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கைக் கீழே இறக்கினேன். கறுப்புப் பெயின்டுக்கு அடியில், மோட்டார் உட்காரும் குழிக்குள், சக்கர அச்சைச் சுற்றி, பார்த்த இடமெல்லாம் மயிரிழை விரிசல்கள். எதுவும் போய் இடிக்கவே முடியாத இடங்கள் அவை. வந்ததே ஒரு கோபம், கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைச் சுவரில் விட்டெறிந்தேன். ஒரு கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது.

பழைய பொம்மை ரயில் இன்ஜின்களை ஓட வைப்பதுதான் என் பிழைப்பு. மோட்டாரில் தேய்ந்த கார்பனை மாற்றுவேன், புது மோட்டார் வைப்பேன், கைபேசியைத் தட்டினால் ஓடுகிற மாதிரி வயிற்றுக்குள் சிப் பொருத்துவேன். தெருவில் என்னை இன்ஜின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்கள் எல்லாம் கேட்டுக் களைத்துவிட்டார்கள்.

அந்தக் கறுப்பு இன்ஜின் என் தங்கை வீட்டுக்காரனுடையது. அவன் பல் டாக்டர். வலிக்காமல் பல் பிடுங்குவார், கைராசிக்காரர் என்று ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும். வீட்டில் ஒரு அறை முழுக்க ரயில் மேசை, கண்ணாடி அலமாரி. போன மாதம் அலமாரியில் இந்த இன்ஜின் உடைந்து கிடந்தது. என் தங்கைதான் துடைக்கும்போது கீழே போட்டுவிட்டு, சத்தமில்லாமல் எடுத்து வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டினான். அவள் இல்லை என்றாள். அறைந்து கேட்டான், பெல்டால் கேட்டான், அவள் ஆமாம் என்று சொல்லும்வரை கேட்டான். ஆமாம் என்று சொன்ன பிறகு, பொய் சொன்னதற்காக அவள் இடது கையை ரயில் மேசை விளிம்பில் வைத்து முறித்தான். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று கட்டுப் போட்டவர்களிடம் அவனே வாய் கூசாமல் சொன்னான். இதெல்லாம் அவள் எனக்குச் சொல்லியே இரண்டு நாள்தான் ஆகிறது. அதையும், "தப்பு என்மேலதான்க்கா, நான்தானே போட்டேன்" என்று முடித்தாள்.

அவள் போடவில்லை. யாருமே போடவில்லை.

அந்தக் காலத்தில் சேசிஸைத் துத்தநாகக் கலவையை உருக்கி அச்சில் ஊற்றி வார்ப்பார்கள். கலவையில் கொஞ்சம் ஈயம் சேர்ந்துவிட்டால் தீர்ந்தது கதை. வெளியே ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே ஊதும், நீளும், ஒருநாள் அலமாரிக்குள் உட்கார்ந்த இடத்திலேயே பிளக்கும். எங்கள் தொழிலில் இதை நோய் என்றுதான் சொல்வோம். மருந்து கிடையாது. கீழே விழுந்து உடைந்திருந்தால் உடைந்த இடம் வெள்ளிபோல மின்னும், இடிபட்ட மூலை நசுங்கியிருக்கும். இதில் ஒரு மூலைகூட நசுங்கவில்லை.

காலை பதினொரு மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். அவன் காரை ஓரங்கட்டுவதற்குள் தங்கை முதலில் கடைக்குள் வந்தாள். கட்டுப் போட்ட கையைக் குழந்தையைப் பிடிப்பதுபோல மார்போடு பிடித்திருந்தாள். மேசையில் பிரித்துப் போட்டிருந்த துண்டுகளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"ஒட்டிக் குடுத்துடுக்கா. ஓடுதுன்னு மட்டும் சொல்லு. நாங்க போயிடறோம்."

செய்திருக்கலாம். பித்தளையில் புது சேசிஸ் கடைந்து, மேல்கூட்டை மாட்டி, கறுப்படித்துக் கொடுத்தால் அவனுக்கு மட்டுமல்ல, எவனுக்கும் தெரியாது. அவளும் இன்னும் கொஞ்ச நாள் அடி வாங்காமல் இருப்பாள். ஆனால் அந்த அலமாரியில் இதே ஆலையில், இதே காலத்தில் வார்த்த இன்ஜின்கள் வரிசையாக நிற்கின்றன. நாளைக்குப் பச்சை இன்ஜின் பிளக்கும், அதற்கடுத்து சிவப்பு பிளக்கும். இவளிடம் முறிக்க இன்னும் எத்தனை எலும்பு இருக்கிறது?

"என்னக்கா, நம்ம ஆளு எப்படி இருக்கான்?" என்று இன்ஜினைப் பற்றிக் கேட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். சட்டையில் மருந்து வாசனை.

"தம்பி, இது கீழ விழுந்து உடையல" என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன். விரிசல்களைக் காட்டினேன், விளக்கை அவன் பக்கம் திருப்பினேன், பூதக்கண்ணாடியை நீட்டினேன். அவன் அதை வாங்கவே இல்லை.

"தங்கச்சிக்காகக் கதை விடறீங்க. பரவால்ல, பாசம்." அவள் பக்கம் திரும்பினான். குரலை உயர்த்தக்கூட இல்லை. "சொல்லும்மா. யாரு போட்டது?"

"நான்தான்" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"போதுமா?"

எனக்குப் போதவில்லை. சேசிஸில் மிச்சமிருந்த முன்பாதியை எடுத்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினேன். இரண்டு கட்டைவிரலால் லேசாக அழுத்தினேன். பிஸ்கட் மாதிரி நொறுங்கி அவன் ஷூமேல் கொட்டியது.

"பாருடா. இதுக்கா அவ கைய ஒடச்ச?"

அவன் முகத்தில் முதலில் வந்தது கோபம் இல்லை. செத்த வீட்டில் நிற்கிறவன் முகம் அது. இவள் கை முறிந்தபோது வராத கண்ணீர் இந்த ஈயக் கலப்புக்கு வந்தது. அதைப் பார்க்க எனக்குக் குமட்டியது. மறு நொடி என் தலைமுடி அவன் கைப்பிடியில் இருந்தது. நெற்றியைக் கொண்டுபோய் மேசையில் பொருத்திய இரும்புப் பிடியில் மோதினான். ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. கண்ணுக்குள் ரத்தம் இறங்கி எல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. திருப்பிப் போட்டுக் கழுத்தை நெரித்தான். வலிக்காமல் பல் பிடுங்குகிற அந்த விரல்களுக்கு எங்கே அழுத்தவேண்டும் என்று நன்றாகவே தெரிந்திருந்தது.

ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பு காலையிலிருந்து சூட்டிலேயே இருந்தது. தடவித் தடவி அதன் பிடியை எட்டிப் பிடித்தேன். அவன் புறங்கையில் வைத்தேன். எடுக்கவில்லை, வைத்து அழுத்தினேன். தோல் கருகும் வாசனை வந்தது. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், ஆனால் இருந்தது.

ஊளையிட்டுக்கொண்டு விட்டான். விட்டவன் என்மேல் வரவில்லை. நேராக அவளிடம் போனான். "வாடி வீட்டுக்கு" என்று கட்டுப் போட்ட கையைப் பிடித்துத் தெருவை நோக்கி இழுத்தான். அவள் போட்ட அலறலில் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். தண்டவாளம் பதித்த சோதனைப் பலகை சுவரோரம் சாய்ந்திருந்தது. நல்ல கனமான பலகை. அதைத் தூக்கி அவன் முழங்காலில் வீசினேன். மளுக்கென்று சத்தம் கேட்டது. பலகையா காலா என்று தெரியவில்லை. அவன் வாசற்படியில் குப்புற விழுந்து தெருவுக்கு உருண்டான். அவளை உள்ளே தள்ளி, ஷட்டரை இழுத்துவிட்டு உள்தாழ்ப்பாள் போட்டேன்.

உடனே இடிக்க ஆரம்பித்தான். முதலில் கையால், பிறகு ஏதோ கல்லால். தகரம் முழுவதும் அதிர்ந்தது. நான் நெற்றியில் துணியை அழுத்திக்கொண்டு போலீசுக்குப் போன் செய்தேன். ரத்தத்தில் விரல் வழுக்கி எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தினேன். மூன்றாவது முறை எடுத்தார்கள். வருகிறோம் என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை.

திரும்பிப் பார்த்தால் தங்கை தரையில் உட்கார்ந்திருந்தாள். சிதறிய துண்டுகளை ஒற்றைக் கையால் பொறுக்கிப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்குத்தான் சேர்த்து வைக்கிறாள் என்று நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போடு அத கீழ. இன்னுமாடி உனக்குப் புத்தி வரல?"

"அக்கா, அப்ப நான் போடலயா?"

"நீ போடல."

"எனக்கு ஞாபகம் இருக்கேக்கா" என்றாள். குழப்பமான குரல், அழுகை இல்லை. "மஞ்சத் துணி. தொடைக்கறேன், கை வழுக்குது, டமார்னு சத்தம் கேக்குது. குனிஞ்சு எடுக்கறேன். எல்லாம் ஞாபகம் இருக்கு."

"எப்பலேர்ந்து ஞாபகம் இருக்கு?"

அவள் யோசித்தாள். "அவரு கேக்கக் கேக்க வந்துச்சு" என்றாள்.

கையை உடைத்ததற்கு ஒரு சூடு போட்டுவிட்டேன். இதற்கு என்ன போடுவது? நான் அவள் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தேன்.

வெளியே இடி நின்றது. இப்போது அவனுடைய ஆஸ்பத்திரிக் குரல் வந்தது, நாற்காலியில் பயந்து உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்காக அவன் வைத்திருக்கும் இதமான குரல். "ஒண்ணும் பண்ண மாட்டேன்மா. தொற. நீ போடலன்னே வச்சுக்குவோம். வா, வீட்டுக்குப் போலாம்."

அவள் உடம்பு அந்தக் குரலுக்குப் பழகிப்போனது. முழங்கால் தானாக எழப் போனது. நான் அவள் தோளைப் பிடிக்கக் கை நீட்டினேன், பிடிக்கவில்லை.

மடியிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். சக்கர அச்சு ஓடும் துளை இருந்த துண்டு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினாள். பொடிந்தது. விரலை மோந்து பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதுவும் பொடிந்தது.

"குட்டி, கூப்பிடறேன்ல" என்றான் வெளியே. ஷட்டர் மறுபடியும் ஒருமுறை அதிர்ந்தது.

"இதுவும் உள்ளயே கெட்டுப் போயிருக்குக்கா" என்றாள் அவள், அடுத்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே.