கண்டதும் வந்ததும்

பழைய மரச்சாமான் கடை வைத்திருப்பவனுக்குக் கனவு என்கிற சொல் இல்லாமல் ஒரு பொழுது ஓடாது. பெரியவன் காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே அதை வாயில் போட்டுக்கொள்வான். அலமாரியைப் பாதி விலைக்குக் கேட்கிற ஆளிடம், "இந்த விலைக்கு உங்களுக்குக் கனவுலதான் கிடைக்கும். அதுவும் கதவு இல்லாம" என்பான். கால் ஆடுகிற கட்டிலைத் தன் தலையில் கட்டப் பார்க்கும் புரோக்கரிடம், அதைக் கனவிலும் நினைக்காதே என்று கும்பிடு போடுவான். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போகிறவரின் முதுகைப் பார்த்து, பகல் கனவு என்று முணுமுணுப்பான். அவனுக்கு அது சில்லறை மாதிரி. எவன் கையிலிருந்து வந்தது, எவன் கைக்குப் போனது என்று யார் பார்க்கிறார்கள்?

வீட்டில் கதை வேறு. அவன் அம்மா அந்தச் சொல்லைத் தராசில் வைத்துத்தான் எடுப்பாள்.

செத்துப்போன அப்பாவைப் பற்றிச் சொல்லும்போது, "உங்கப்பா கனவுல வந்தார்" என்பாள். உயிரோடு இருப்பவர்களை அவள் கனவில் 'கண்டேன்' என்றுதான் சொல்வாள். தங்கையைக் கண்டேன், தலை நரைத்திருந்தது. கீழ்வீட்டுத் தையல்காரரைக் கண்டேன், கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டையும் மாற்றிச் சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் தன் அண்ணன் கனவில் வந்ததாக வாய்தவறிச் சொல்லப்போய், உடனே போன் போட்டு அவன் நலமாக இருக்கிறானா என்று கேட்டுச் சொல்லும்வரை மாமியார் டம்ளரைக் கையில் எடுக்கவில்லை.

"உசுரோட இருக்கறவன் இருக்கற எடத்துலயே இருப்பான். நாமதான் போய்ப் பார்க்கணும்" என்று பிறகு விளக்கம் சொன்னாள். "வந்து போற சௌகரியமெல்லாம் போய்ச் சேர்ந்தவங்களுக்குத்தான்."

சின்னவன் வெளியூருக்கு வேலை தேடிப் போய் மூன்று வருஷமாகிறது. முதல் சில மாதம் போன் வந்தது. பிறகு அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது, அதோடு சரி. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், தெரிந்த லாரிக்காரர்களிடம் சொல்லி வைத்தார்கள், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பெரியவன் அலைந்தான். ஒரு தகவலும் இல்லை. ஆனால் காலையில் டீயோடு அம்மாவின் தகவல் தவறாமல் வந்துவிடும். சின்னவனைக் கண்டேன், மெலிந்திருக்கிறான். சின்னவனைக் கண்டேன், முடி வெட்டாமல் இருக்கிறான், ஏதோ ஒரு வாசலில் உட்கார்ந்து செருப்பைத் தைத்துக்கொண்டிருக்கிறான். ஒருநாள்கூட அவள் வாயிலிருந்து 'வந்தான்' வந்ததில்லை. பெரியவனும் அவன் மனைவியும் டீயை ஆற்றிக்கொண்டே அந்த ஒரு சொல்லுக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். 'கண்டேன்' என்று காதில் விழுந்ததும் குடிக்க ஆரம்பிப்பார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. கட்டடம் இனி தாங்காது, மாதக் கடைசிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். பொய்யில்லை. மாடிப்படிக்கு இரும்புத் தூணை முட்டுக் கொடுத்திருந்தார்கள். சமையலறைச் சுவரில் ஓடிய வெடிப்பில் கை விரலை விடலாம். தையல்காரர் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எதிர்வீடும் காலி. பெரியவன் கடைக்குப் பின்னால் ஒரு வீடு பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டான்.

அம்மா வரமாட்டேன் என்றாள். சின்னவன் திரும்பி வந்தால் இந்தக் கதவைத்தான் தட்டுவான். இதை விட்டுப் போனால், அவன் இனி வரமாட்டான் என்று பெற்றவளே ஒப்புக்கொண்ட மாதிரி.

பெரியவன் பேரம் பேச உட்கார்ந்தான். கல்நெஞ்சக்காரர்களிடம் ஊஞ்சல் விற்றவன். பெற்ற தாயிடம் ஒரு வீட்டை விற்க முடியாதா? புது விலாசத்தைச் சுவரில் பெரிதாக எழுதி வைக்கலாம் என்றான். கடைப் பலகையையே நின்று படிக்கச் சோம்பல்படுகிறவன் இடிந்த சுவரையா படிக்கப்போகிறான் என்று அவள் திருப்பிக் கேட்டாள். முனை டீக்கடையில் சொல்லி வைக்கலாம் என்றான். அந்த டீக்கடைக்காரனுக்குப் பாக்கி வைத்துவிட்டுப் போனவன் அந்தப் பக்கம் தலைகாட்டுவானா என்றாள். போகும்போதும் வரும்போதும் தானே வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றான். இடித்துப்போட்ட இடத்தில் எதைப் பார்ப்பாய் என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். இவளிடமிருந்து வந்த நாக்குதானே தனக்கும் என்று அவனுக்கு ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது.

மாதக் கடைசிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது தண்ணீரை நிறுத்தினார்கள். மறுநாள் காலை, டீ வரும் முன்பே பெரியவன் அம்மாவுக்கு எதிரில் போய் உட்கார்ந்தான். கடைசி ஆயுதம் ஒன்று வைத்திருந்தான். தம்பியைக் கனவில் கண்டதாகச் சொல்லிப் பேச்சை ஆரம்பிக்க வேண்டும். பாயைச் சுருட்டும்போதே இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஆனால் கண்டவன் எங்கேயோ உட்கார்ந்து செருப்புத் தைப்பானே தவிர, பேச மாட்டான். பெரியவனுக்கு வேண்டியிருந்தது ஒரு சிபாரிசு. சிபாரிசு செய்கிறவன் நேரில் வந்தால்தானே மதிப்பு?

"அம்மா, சின்னவன் என் கனவுல வந்தான்" என்றான். "அம்மாவப் புது வீட்டுக்குக் கூட்டிட்டுப் போண்ணான்னு சொன்னான்."

பெருக்கிக்கொண்டிருந்த மனைவியின் கையில் துடைப்பம் நின்றது. என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது அப்போதுதான்.



"சரி. போலாம்" என்றாள் அம்மா.

கடையில் சொன்ன விலைக்கே ஒருத்தன் தலையாட்டிப் பணத்தை எடுத்தால் பெரியவனுக்குச் சந்தேகம் வந்துவிடும். எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறோம், விற்கக்கூடாததை விற்றுவிட்டோம் என்று அர்த்தம். இப்போதும் அதேதான்.

"பெத்தவ நான் இருக்கேன்" என்றாள் அம்மா. "நீங்க ரெண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கிட்டது கூடக் கிடையாது. என்கிட்ட வராம உன்கிட்ட ஏண்டா வந்தான்?"

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாங்கியவர் முகம் வாடினால் மேலே ஒரு கொசுறு போட்டு அனுப்புகிற கை அவனுடையது. "உன்கிட்ட வந்தா நீ அழுவியாம். அதனாலதான் என்கிட்ட வந்ததா சொன்னான்."

அம்மா தலையாட்டினாள். "ஆமா. அப்படித்தான் சொல்லுவான்" என்றாள். அழவில்லை. எழுந்து போய்ச் சின்னவனின் சட்டைகளைக் கொடியிலிருந்து எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். மூன்று வருஷமாக வாரம் ஒருமுறை துவைத்துக் காயப்போட்ட சட்டைகள். மடித்ததைப் புது வீட்டுக்குப் போகிற பெட்டியில் வைக்காமல், தனியாக ஒரு பையில் போட்டு, யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி மருமகளிடம் நீட்டினாள்.

சாமான் கட்டும்போது மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஏங்க, தெரிஞ்சேதான சொன்னீங்க?"

அவன் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினான்.

புது வீடு நல்ல வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், சுவரில் வெடிப்பில்லை, ஜன்னலைத் திறந்தால் கடையின் பின்பக்கம் தெரியும். காலையில் டீ வந்தது, தகவல் வரவில்லை. அம்மா கனவில் யாரையும் காணவில்லை. கேட்டால், படுத்தால் கட்டை மாதிரி தூக்கம் வருகிறது என்றாள். ஒரு வாரம் அதைப் பார்த்த பிறகு பெரியவனால் முடியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, அன்னிக்கு நான் சொன்னது நெசமில்ல. நீ வீட்ட விட்டு வரணும்னு சும்மா சொன்னேன்" என்றான்.

அம்மா சிரித்தாள். புது வீட்டுக்கு வந்து முதல் சிரிப்பு.

"கடையில பொய் சொல்லுவ. அது தெரியாதா எனக்கு? தம்பி விஷயத்துல சொல்ல மாட்டடா நீ" என்றாள். அவன் மேற்கொண்டு வாயைத் திறந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். தன் மனசு நோகிறதே என்றுதான் அவன் இப்போது பொய் சொல்கிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதற்கு மேல் அப்பீல் இல்லை.

மறுநாள் அவளே அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ராத்திரி வந்தானா?" என்று கேட்டாள்.

இல்லை என்றான். அவள் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த நாளும் கேட்டாள், அதற்கு அடுத்த நாளும். சரக்கே இல்லாத கடையில் தினமும் ஒரே வாடிக்கையாளர் வந்து நின்றால் எத்தனை நாளைக்குத்தான் இல்லை என்று சொல்வது? உள்ளபடிக்கு, தம்பி போனதிலிருந்து ஒருநாள்கூட அவனுக்குத் தம்பியைப் பற்றி ஒரு கனவும் கிடையாது. கண்டதுமில்லை, வந்ததுமில்லை. அதை வெளியில் சொல்ல முடியுமா?

இன்று ஷட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியவனை அவள் வாசலில் மறித்துக்கொண்டு கேட்டாள்.

"வந்தான்" என்றான் பெரியவன்.

"என்ன சொன்னான்?"

"சாப்பிட்டாச்சான்னு கேட்டான்."

"உன்னையா, என்னையா?"

"உன்னைத்தான்."

அவள் வழியை விட்டு விலகி நின்றாள். அவன் படியில் இறங்கினான்.

"சாப்பிட்டேன்னு சொல்லு" என்றாள் அம்மா.